3-க்கும் 13-க்கும் நடுவே

மொரிசியஸில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுக் கடைசியில் போனஸ் உண்டு. முதலாளி மனசு வைத்துக் கொடுக்கும் பணம் என்று நினைக்க வேண்டாம், சட்டம் கொடுக்கச் சொல்கிறது. ஒருவர் அந்த ஆண்டில் ஈட்டியதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எதிர்பார்க்கப்படும் போனஸில் 75 சதவீதத்தை டிசம்பர் 25-க்கு ஐந்து வேலைநாள் முன்பே கொடுத்துவிட வேண்டும், மீதியை ஆண்டின் கடைசி வேலைநாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. கிறிஸ்துமஸ் செலவு, புத்தாண்டுச் செலவு, ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வரும் செலவு எல்லாவற்றுக்கும் எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கின்றன.

எபேனில் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு குழுவில் நான் இருக்கிறேன். இந்தப் போனஸ் கணக்கைப் புதிதாக எழுத வேண்டும் என்று ஒரு ஸ்டோரி, அதாவது செய்ய வேண்டிய ஒரு வேலையின் சிறு குறிப்பு, வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனர் அதை வாசித்தார். இரண்டு தவணை, முதலில் 75 சதவீதம், பிறகு மீதி. ஒன்றிரண்டு கேள்விகள் எழுந்தன, பதில் வந்தது. பிறகு பிளானிங் போக்கர், அதாவது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழுவாகச் சேர்ந்து மதிப்பிடும் சீட்டு முறை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு எண், அதைப் பாயிண்ட் என்போம்; எண் பெரிதானால் வேலை பெரிது. எல்லோரும் ஆளுக்கொரு சீட்டை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தோம். திருப்பியதும் வரிசையாக 3, 3, 3, 5, 3. ஓரத்தில் மட்டும் ஒரு 13.

அந்தப் 13, எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டருடையது. குழுவிலேயே இளையவர். ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். வீட்டில் பேசுவது இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோல், தமிழ் படித்தது பள்ளிக்கூடத்தில். எங்கள் குழுவில் பெரிய சீட்டைக் காட்டியவரும் சிறிய சீட்டைக் காட்டியவரும்தான் முதலில் பேச வேண்டும். அதனால் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். "மோ பா சிர்" என்று தொடங்கினார். நிச்சயமாகத் தெரியவில்லை என்று கிரியோலில் சொல்லும் பேச்சு அது. அதன் பிறகு அவர் சொன்னதில் நிச்சயமில்லாதது எதுவுமே இல்லை.

"டிசம்பர் முடியும் முன்னாடியே முதல் தவணை போயிடுதே. அந்த மாச ஓவர்டைம் அப்போ யாருக்குத் தெரியும்? எங்க அம்மா ஓட்டல்ல வேலை பார்க்கறாங்க. அவங்களுக்கு ஓவர்டைம் எல்லாம் வர்றதே அந்தக் கடைசிப் பத்து நாள்லதான்."

போனஸ் கணக்கில் ஓவர்டைமும் சேரும். எனவே இரண்டாம் தவணை மீதி 25 சதவீதம் ஆகாது. டிசம்பர் சம்பளம் முடிந்த பிறகு ஆண்டு முழுவதற்கும் மறுபடி கணக்குப் போட்டு, முன்பு கொடுத்ததைக் கழித்து, மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். முதல் தவணை கொடுப்பதற்கு டிசம்பர் எப்படி இருக்கும் என்று ஓர் உத்தேசம் வேண்டும். அந்த உத்தேசத்தை எங்கே வைப்பது, எப்படி மாற்றுவது, சம்பளச் சீட்டில் எப்படிக் காட்டுவது? இரண்டு தவணைக்கும் நடுவில் ஒருவர் வேலையை விட்டால் என்ன செய்வது? எங்கள் பழைய நிரல் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. அதுவரை கணக்காளர்கள் எக்செலில் கையால் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் எல்லோரும் 8-க்கும் 13-க்கும் வந்தோம். கடைசியில் அந்த ஸ்டோரியை மூன்றாகப் பிரித்தோம்.

பிளானிங் போக்கரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது முழுவதும் அந்த மேசையிலேயே இருக்கிறது. அந்தச் சீட்டுகள் எங்களுக்குக் கொடுத்தது எண்ணை அல்ல, அந்தப் பெண்ணின் பேச்சை.

சீட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புராடக்ட் ஓனர் வாசித்து முடித்ததும் எல்லோரும் குழுவின் மூத்த டெவலப்பர் முகத்தைப் பார்ப்போம். அவர் நல்ல மனிதர், கெட்டிக்காரர், இருபது ஆண்டு அனுபவம். "மூணு பாயிண்ட் இருக்கும்ல?" என்பார். தலைகள் ஆடும். அந்தப் பெண்ணும் ஆட்டியிருப்பார். ஓட்டல் தொழிலாளிகளின் டிசம்பர் ஓவர்டைம் டெஸ்டிங்கிலோ, அதையும் தாண்டி டிசம்பர் 20-ஆம் தேதி ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பிலோ வெளிவந்திருக்கும்.

இந்த ஊரில் அலுவலகத்தில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், மேலாளரைக்கூட. அதனால் மரியாதை தளர்ந்துவிட்டது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அந்த மரியாதை கூப்பிடும் பெயரிலிருந்து போய் மௌனத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மூத்தவர் ஒரு எண்ணைச் சொன்ன பிறகு இளையவர் வேறொன்றைச் சொல்வது அவரை எதிர்த்துப் பேசுவதாகிவிடுகிறது. ரோஸ் ஹில்லிலும் அப்படித்தான், திருநெல்வேலியிலும் அப்படித்தான். இதற்கு மேல் மொழியும் சேர்கிறது. எங்கள் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். பாரிஸ் வாடிக்கையாளரோடு பேச்சு பிரெஞ்சில். இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் கிரியோல். தமிழ்நாட்டிலிருந்து வந்த நாங்கள் சிலர் எங்களுக்குள் தமிழ். பிரெஞ்சு சரளமாக வராத ஒருவர் பிரெஞ்சில் நடக்கும் கூட்டத்தில் என்ன சந்தேகம் இருந்தாலும் விழுங்கிவிடுவார். நானே அப்படி விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் திறமை குறைந்தவர் ஒருவரும் இல்லை. சீட்டைக் காட்ட எந்த மொழியும் தேவையில்லை. காட்டிய பிறகு விளக்கத்தை எந்த மொழியிலும் சொல்லலாம், புரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார் என்று எங்கள் குழுவில் வைத்துக்கொண்டோம். எங்கள் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும் என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? 1974-இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சயன்ஸ் இதழில் ஒரு சோதனையை எழுதினார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்பது கேள்வி. (1968-இல் சுதந்திரம் பெற்ற கையோடு சபையில் சேர்ந்த மொரிசியஸும் அந்தக் கணக்கில் வரும் நாடுதான்.) பதில் சொல்ல வந்தவர்களின் கண்ணெதிரே முதலில் எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10-இலோ 65-இலோ மட்டும் நிற்கும்படி செய்து வைத்திருந்தார்கள். 10-ஐப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடு மதிப்பு 25, 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரிந்தும் அந்த எண் அவர்களைப் பிடித்து இழுத்தது. சம்பந்தமே இல்லாத சக்கரம் இவ்வளவு செய்யும் என்றால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் வாயிலிருந்து வரும் "மூணு" என்ன செய்யும்?

அதனால்தான் சீட்டைக் கவிழ்த்து வைப்பது சடங்கில்லை, முழு வித்தையும் அதுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கவிழ்த்து வைக்கும் முன் யாராவது "இது சின்ன வேலைதான்" என்று முணுமுணுத்தாலே அந்தச் சுற்று கெட்டுப்போய்விடுகிறது. குழுவின் வேலை முறையைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் ஸ்க்ரம் மாஸ்டர், அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் அந்த ஸ்டோரியை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு இரண்டை முடித்த பிறகு திரும்ப எடுப்பார். கண்டிப்பானவர் என்று அவருக்குப் பெயர். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு.

இந்த முறையின் பூர்வீகமும் இதே கவலைதான். 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் டெல்ஃபி என்றொரு முறையை உருவாக்கினார்கள். நிபுணர்களை ஒரே அறையில் உட்கார வைத்தால் பெரிய குரல் சின்னக் குரலை அமுக்கிவிடும். அதனால் தனித்தனியாகக் காகிதத்தில் கேட்டு, பெயரில்லாமல் தொகுத்து, மறுபடி அவர்களிடமே காட்டித் திரும்பக் கேட்டார்கள். அமுக்கல் போனது, பேச்சும் போய்விட்டது. 1970-களில் பேரி போமும் ஜான் ஃபார்குவரும் அதில் உரையாடலைச் சேர்த்து வைட்பேண்ட் டெல்ஃபி என்று ஆக்கினார்கள்: காகிதத்தில் இரகசியமாக எண்ணை எழுது, பிறகு கூடிப் பேசு, பிறகு மறுபடி எழுது. 2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் இதை ஒரு மேசைக்குள் சுருக்கினார். மென்பொருளைச் சிறு சிறு படிகளாக எழுதச் சொல்லும் அஜைல் முறையின் அறிக்கையில் 2001-இல் கையெழுத்திட்ட 17 பேரில் அவரும் ஒருவர். கூட்டத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டே போக மற்றவர்கள் மனத்தளவில் எழுந்து போய்விடுவதைப் பார்த்து, ஆளுக்கொரு அட்டையில் எழுதி ஒன்றாகக் காட்டச் சொன்னார். மைக் கோன் 2005-இல் வெளியிட்ட நூலால் அது உலகமெங்கும் பரவியது. இன்று கடையில் வாங்கும் சீட்டுக்கட்டில் இருக்கும் வரிசை, அதாவது 0, ½, 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 என்பது, கோன் வழியாகப் பரவியதுதான்.

அந்த வரிசையைப் பார்த்ததும் புதிதாகச் சேர்ந்தவர்கள் தவறாமல் கேட்பது, 6 ஏன் இல்லை, 10 ஏன் இல்லை என்று. ஒரு வேலை 5-ஆ 6-ஆ என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நமக்கு அதைப் பற்றித் தெரியாது. பெரிதாகப் பெரிதாகத் தெரிந்தது குறைகிறது, அதனால் எண்களுக்கு நடுவே இடைவெளி அகலமாகிறது. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி வரிசையில் 13-க்குப் பிறகு வர வேண்டிய 21-ஐ விட்டு 20 என்று வைத்ததும் அதற்காகத்தான். 21 என்று சொன்னால் அளந்து பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

இதை இங்கே விளக்க எனக்கு எளிய வழி ஒன்று உண்டு. மொரிசியஸ்காரர்களுக்குப் புயல் எச்சரிக்கை பிள்ளைப் பருவத்திலிருந்தே பழக்கம். வாக்வாவில் இருக்கும் வானிலை நிலையம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று நான்கு படிகளில் அறிவிக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் வாய்ப்பு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதுதான் படிக்கணக்கு. முதல் வகுப்பு என்றால் ஏறக்குறைய 36 முதல் 48 மணி நேரம் முன்னதாக. இரண்டாம் வகுப்பு என்றால் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும்படி, மூன்றாம் வகுப்பு என்றால் 6 மணி நேரப் பகல் வெளிச்சம் இருக்கும்படி. புயல் இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்கு வரும் என்று யாரும் சொல்வதில்லை. சன்னலுக்குப் பலகை அடிக்கலாமா, கடைக்குப் போய் ரொட்டி வாங்கலாமா, பிள்ளையைக் கூட்டி வரலாமா என்று முடிவெடுக்க அந்த நான்கு படி போதும். நான் கேட்டவரை, மூன்றாம் வகுப்பை இரண்டே முக்கால் என்று திருத்தச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பாயிண்ட்டுகளும் அப்படிப்பட்டவைதான். இந்த ஸ்பிரிண்டுக்குள், அதாவது சில வாரங்கள் கொண்ட இந்த வேலைச் சுற்றுக்குள், எடுக்கலாமா, உடைக்க வேண்டுமா, முதலில் யாராவது தோண்டிப் பார்க்க வேண்டுமா என்ற முடிவுக்கு அவை போதும்.

சீட்டுக்கட்டில் எண் இல்லாத சீட்டுகளும் உண்டு. கேள்விக்குறி, முடிவிலி, காபிக் கோப்பை. காபிக் கோப்பை இடைவேளை கேட்பதற்கு. கேள்விக்குறியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் குழுவில் அதை முதலில் தயங்காமல் காட்டியவர் அந்த மூத்த டெவலப்பர். வருமான வரி அலுவலகத்துக்கு மாதாமாதம் அனுப்பும் கோப்பின் வடிவம் மாறியிருந்தது. 2020 செப்டம்பரில் பழைய தேசிய ஓய்வூதிய நிதிப் பிடித்தம் போய் சிஎஸ்ஜி என்ற பொதுச் சமூகப் பங்களிப்பு வந்ததிலிருந்து இந்தப் பகுதியில் எல்லாமே ஒட்டுப்போட்டது. அவர் கேள்விக்குறியைக் காட்டி, "எனக்கு இது தெரியாது, படித்துவிட்டு வருகிறேன்" என்றார். அதற்கு அடுத்த கூட்டத்திலிருந்து மற்றவர்கள் கையிலும் கேள்விக்குறி வரத் தொடங்கியது. ஒரு குழுவுக்கு மூத்தவர் செய்யக்கூடிய உதவி இதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி இந்த விளையாட்டு எப்படிச் சாகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கண் முன்னால் செத்ததைப் பார்த்திருக்கிறேன். இதற்கு முன் நான் இருந்த ஒரு நிறுவனத்தில் மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு ஸ்பிரிண்டில் எத்தனை பாயிண்ட் முடித்தது என்பதை ஒரே வரைபடத்தில் போட்டு, மாதாந்திரக் கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை. மேலே இருப்பவர்களுக்குப் படம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு சீட்டுகள் மெல்ல மெல்லப் பெருத்தன. நேற்றுவரை 3 ஆக இருந்தது 5 ஆனது, 5 ஆக இருந்தது 8. ஒருவரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் கொஞ்சம் பத்திரமாக இருக்க நினைத்தார்கள். பாயிண்ட் என்பது ஒரு குழு தன் வேலைகளில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தனக்காக வைத்துக்கொள்ளும் அளவு. அந்தக் குழுவுக்கு வெளியே அதற்கு மதிப்பில்லை. ஒரு குழுவின் 8-ஐ இன்னொரு குழுவின் 8-ஓடு ஒப்பிட்ட நாளிலேயே மேசையில் உண்மைப் பேச்சு நின்றுபோனது. 13 காட்டினால் "ஏன் உங்களுக்கு மட்டும் இவ்வளவு?" என்று கேள்வி வரும் இடத்தில் யார் 13 காட்டுவார்?

ஸ்டோரி பாயிண்ட்டைத் தொடங்கி வைத்தது தானாக இருக்கலாம், அப்படியென்றால் இப்போது வருந்துகிறேன் என்ற பொருளில் ரான் ஜெஃப்ரீஸ் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் எழுதும் முறையைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, பாயிண்ட்டைத் துரத்தும் மேலாண்மையைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் சரி. மதிப்பீடே வேண்டாம் என்று சொல்லும் இயக்கமும் இருக்கிறது. வேலைகளை ஒரே அளவுக்குச் சின்னதாக உடைத்துக்கொண்டால் எண்ணிக்கையே போதும் என்பது அவர்கள் வாதம். எண்ணைப் பற்றி அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் எண்ணோடு சேர்த்து அந்த மேசையையும் தூக்கி எறிய மாட்டேன். ஓட்டலில் வேலை பார்க்கும் அம்மாவின் ஓவர்டைம் வேறு எந்தக் கூட்டத்தில் வந்திருக்கும்?

இந்த முறைக்குக் கைவராத வேலைகளும் உண்டு. நார்வே ஆய்வாளர்கள் இதை உண்மையான திட்டங்களில் வைத்துப் பார்த்தார்கள். தனித்தனியாக வாங்கிய மதிப்பீடுகளைக் கணக்குப் போட்டு இணைத்ததைவிட, சீட்டுக் காட்டிப் பேசி வந்த மதிப்பீடுகளில் அசட்டு நம்பிக்கை குறைவாக இருந்தது என்று 2008-இல் எழுதினார்கள். அதற்கு முன் 2006-இல் வந்த இன்னொரு ஆய்வு, குழுவுக்கு முன் அனுபவம் உள்ள வேலையில் சீட்டு உதவுகிறது, அனுபவமே இல்லாத வேலையில் தவறு மிகப் பெரிதாகப் போகவும் கூடும் என்று காட்டியது. என் அனுபவமும் அதுதான். யாருமே தொட்டிராத ஒரு பகுதியைப் பற்றி ஆறு பேர் ஒரே எண்ணைக் காட்டினால் எனக்குப் பயமாக இருக்கும். அங்கே வேண்டியது ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து நிரலைத் திறந்து பார்ப்பது. அதேபோல் இருநூறு ஸ்டோரிகள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் சீட்டு எடுத்தால் ஆள் சோர்ந்துவிடுவார்கள். அப்போது சட்டை அளவு மாதிரி சின்னது, நடுத்தரம், பெரிது என்று சுவரில் ஒட்டிப் பிரித்துவிட்டு, அடுத்த இரண்டு ஸ்பிரிண்டுக்கு வரக்கூடியதற்கு மட்டும் சீட்டை எடுப்போம்.

2020 மார்ச்சில் தீவு முழுவதும் வீட்டுக்குள் அடைபட்ட பிறகு சீட்டுகள் திரைக்குப் போயின. இப்போது எங்களில் இரண்டு பேர் சென்னையிலிருந்து வேலை செய்கிறார்கள், அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால். இணையக் கருவிகள் எண்ணை மறைத்து வைத்து ஒரே நேரத்தில் காட்டுவதால் அந்த அளவில் குறையில்லை. ஆனால் சில குழுக்கள் கருவி எதற்கு என்று அரட்டைப் பெட்டியிலேயே எண்ணை அடிக்கிறார்கள். முதலில் அடித்தவரின் எண்ணை மற்றவர்கள் பார்த்துவிடுகிறார்கள். சக்கரம் மறுபடி சுழன்றுவிட்டது. அப்படியே செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் அடித்து வைத்துவிட்டு, ஒருவர் சொன்னதும் ஒன்றாக அனுப்புங்கள். திரையில் இன்னொரு சங்கடம், தனியாக 13 காட்டியவரின் தயக்கம் கண்ணில் படாது. மைக்கைத் திறக்கச் சில நொடி ஆகும், அதற்குள் யாராவது "சரி, 5 வைத்துக்கொள்வோமா?" என்று முடித்துவிடுவார்கள். நடுவே ஒரு எண்ணை எடுத்து ஒத்துப்போவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 3-க்கும் 13-க்கும் சராசரி எடுத்தால் 8 வரும். அந்த 8 யாருடைய மதிப்பீடும் இல்லை, ஓவர்டைமும் அதில் இல்லை.

வாடிக்கையாளருக்குப் பாயிண்ட்டைக் காட்டுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அவருக்குத் தேவை தேதி, அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கடந்த ஸ்பிரிண்டுகளில் எவ்வளவு முடித்தோம் என்பதை வைத்து, நன்றாகப் போனால் இன்ன வாரம், மெதுவாகப் போனால் இன்ன வாரம் என்று இரண்டு தேதி சொல்கிறோம், ஒவ்வொரு ஸ்பிரிண்டு முடிவிலும் அவற்றைத் திருத்தித் தருகிறோம். சட்டமே போனஸை முதலில் உத்தேசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு சரிசெய்யச் சொல்லும் ஊரில் இதைப் புரியவைப்பது கஷ்டமாக இல்லை. பாரிஸ் வாடிக்கையாளர் மட்டும் இன்னும் ஒற்றைத் தேதிதான் கேட்கிறார். அவருக்குப் பிந்தைய தேதியைக் கொடுக்கிறோம்.